டெக்சாஸில் இரவுப் பன்றி வேட்டை: முதல் பணத்தை எதில் போடுவது?

டெக்சாஸுக்குக் குடிவந்து சில வருடம் ஆனதும் வேட்டை ஆசை தொட்டுவிடுகிற நம்மவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த தெர்மல் ஸ்கோப் வாங்கலாம்?" உடம்புச் சூட்டை வைத்து இருட்டில் உருவத்தைக் காட்டும், துப்பாக்கியில் மாட்டுகிற குறிநோக்கியைத்தான் சொல்கிறார்கள். கேள்வியில் தப்பில்லை. ஆனால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. யாருடைய நிலத்தில் சுடப் போகிறீர்கள், இருட்டில் அசைகிற உருவம் பன்றிதான் என்று எதை வைத்து உறுதி செய்யப் போகிறீர்கள் என்ற இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு ஸ்கோப்பைப் பற்றிப் பேசலாம். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: முதல் வருடம் தெர்மல் ஸ்கோப் வேண்டாம். வழிகாட்டியோடு ஓரிரு இரவு போய்ப் பாருங்கள், கையில் பிடித்துப் பார்க்கும் தெர்மல் ஒன்று வாங்குங்கள். மீதியை அப்புறம் பார்க்கலாம்.

டெக்சாஸில் இந்த வேட்டைக்கு இவ்வளவு தாராளம் ஏன் என்றால், பன்றி இங்கே வந்தேறி. ஸ்பானியர்கள் கொண்டுவந்த வீட்டுப் பன்றிகள் காட்டுக்குள் போய்ப் பெருகின. 1930களில் வேட்டைக்காக இறக்கிவிட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளும் அவற்றோடு கலந்தன. இன்று 26 லட்சத்துக்கு மேல் இருக்கும் என்பது டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் மதிப்பீடு. மாநிலத்தின் 254 கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) எல் பாசோ தவிர மற்றவற்றில் எல்லாம் பன்றி உண்டு என்பார்கள். வேட்டைப் பருவம் என்று ஒன்றில்லை, இத்தனைதான் சுடலாம் என்ற கணக்கும் இல்லை. 2019 செப்டம்பர் 1 முதல், தனியார் நிலத்தில் உரிமையாளரின் சம்மதத்தோடு பன்றி சுட, மாநிலத்தின் வேட்டை லைசென்ஸும் தேவையில்லை. இரவிலும் சுடலாம். பன்றிக்கு உடம்பு வியர்ப்பது அரிது. அதனால் வெயிலில் புதரிலும் சேற்றிலும் கிடந்துவிட்டு இருட்டியதும் மேயக் கிளம்பும். பகலில் மனிதத் தொல்லை கூடினால் முழுக்க இரவுக்கே மாறிவிடும்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது எதுவும் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. அங்கே காட்டுப்பன்றி அந்த மண்ணின் விலங்கு, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது. பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட 2025-இல் அரசு வழி திறந்தபோதுகூட, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், அதுவும் வனத்துறையினர் மட்டும் என்றுதான் வைத்தார்கள்.

விசாவில் இருப்பவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

"லைசென்ஸ் தேவையில்லை" என்ற செய்தி எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 விசாக்காரர்களைப் பொறுத்தவரை ஒரு பொறி. இப்படிப்பட்ட தற்காலிக விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் சட்டப்படி குற்றம். அந்தத் தடைக்குச் சில விலக்குகள் உண்டு. நமக்குப் பொருந்தக்கூடியது ஒன்றுதான்: அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. மாநிலம் கேட்காவிட்டாலும் ஃபெடரல் சட்டத்துக்காக அந்த லைசென்ஸ் உங்களுக்கு வேண்டும். நண்பரின் துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுட்டாலும் கணக்கு இதேதான். "என்னுடையது இல்லையே" என்ற பதில் எடுபடாது.

டெக்சாஸில் குடியிருப்பவருக்கு வழக்கமான வேட்டை லைசென்ஸ் 25 டாலர். எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஓடு முடிந்துவிடும். செப்டம்பர் முதல் தேதி புதியது கையில் இல்லை என்றால், அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் துப்பாக்கியே பிரச்சினையாகிவிடும். 1971 செப்டம்பர் 2-க்கோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சி வகுப்பும் உண்டு. 17 வயது ஆனவர்கள் இணையத்திலேயே முடித்துவிடலாம். லைசென்ஸ் தேவைப்படாத கிரீன் கார்டுக்காரர்களும் குடிமக்களும்கூட இந்த வகுப்பை முடித்துவிடுவது நல்லது. துப்பாக்கியைத் தொட்டே இராத குடும்பத்திலிருந்து வருகிற நமக்கு, முதல் பாடம் யூடியூபாக இருக்கக் கூடாது. உங்கள் விசா நிலையில் ஏதாவது சிக்கல் இருந்தால், நண்பர்களிடம் கேட்காமல் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

யார் நிலம்

வழிகள் மூன்று. பொது நிலத்தை முதலிலேயே தள்ளிவிடலாம். அங்கே லைசென்ஸும் வேண்டும், பல இடங்களில் தனி அனுமதியும் வேண்டும், இரவு வேட்டைக்கு அநேகமாக இடமே இல்லை. பகலில் நடந்து பழக அது நல்லது, அவ்வளவுதான்.

மிச்சம் இரண்டு: காசு கொடுத்து வழிகாட்டியோடு பண்ணைக்குப் போவது, அல்லது தெரிந்த விவசாயியின் நிலத்தில் அனுமதி வாங்குவது. இரண்டாவது இலவசம் என்பதால் எல்லோரும் அதைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் அந்த இலவசத்தோடு ஒரு பொறுப்பும் வருகிறது. அங்கே மாடு எங்கே படுக்கும், பக்கத்து வீடு எந்தத் திசையில், எண்ணெய்க் கிணற்றின் பம்ப் எங்கே, கேஸ் குழாய் எங்கே வெளியே தலைகாட்டுகிறது என்று சொல்ல இரவில் கூட ஆள் இருக்க மாட்டார். இருட்டில் துப்பாக்கியோடு நிற்பது அதுவே முதல் தடவை என்றால், இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சமாளிப்பது கடினம். வழிகாட்டிகள் பொதுவாக ஓர் இரவுக்குத் தலைக்குச் சில நூறு டாலர் வாங்குகிறார்கள். பெரும்பாலும் தெர்மலும் துப்பாக்கியும் அவர்களே தருவார்கள். மூவாயிரம் டாலர் கருவியை வாங்காமலே ஓர் இரவு முழுக்கப் பார்த்துவிடலாம் என்பதே அந்தக் காசுக்குப் போதுமான நியாயம். பதிவு செய்யும் முன் கேளுங்கள்: கருவி கட்டணத்துக்குள் அடக்கமா, ஒரே நேரத்தில் எத்தனை பேர் சுடுவார்கள், பெரிய ஆண் பன்றிக்குத் தனிக் கட்டணமா, வேலி போட்டு அடைத்த பன்றியா, திறந்த நிலமா. கடைசிக் கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

விவசாயியைக் கேட்பதானால் விதைப்பு நேரத்தில் கேளுங்கள். மக்காச்சோளம் விதைத்த வயலில் பன்றிக் கூட்டம் விதைத்த சால் ஒன்றைப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விதையைக் கிண்டித் தின்றுகொண்டே போகும். மறுநாள் காலை அதைப் பார்த்த மனிதரின் வாசல் தானாகத் திறக்கும். நிலக்கடலை, சோளம், வைக்கோல் புல் போடுகிறவர்களுக்கும் இதே வயிற்றெரிச்சல்தான். மான் வேட்டைப் பருவத்தில் போய்க் கேட்டால் மறுப்புதான் கிடைக்கும். அந்த நிலத்தை ஏற்கெனவே யாராவது மான் வேட்டைக்குக் குத்தகை எடுத்திருப்பார்கள். விபத்து நடந்தால் நிலத்துக்காரரைப் பொறுப்பாக்க மாட்டேன் என்று கையெழுத்திட்ட தாளோடு போங்கள். அதைப் பார்த்ததும் பாதித் தயக்கம் போய்விடும். ஆளுக்கொரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போகும் நம் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். அனுமதி உங்களுக்கு மட்டும்தான்.

ஹெலிகாப்டரிலிருந்து சுடுவதை 2011-இலும், வெப்பக்காற்று பலூனிலிருந்து சுடுவதை 2017-இலும் டெக்சாஸ் சட்டப்படி அனுமதித்தது. ஆர்வம் இருந்தால் வீடியோ பாருங்கள்.

இருட்டில் பார்க்க எது

நான்கு வழிகள் இருக்கின்றன. விலையும் வேலையும் ஒன்றுக்கொன்று வெகுதூரம்.

மலிவானது வண்ண விளக்கு. துப்பாக்கியில் மாட்டும் சிவப்பு அல்லது பச்சை டார்ச், அல்லது தீவனம் கொட்டும் ஃபீடருக்கு அடியில் தொங்கவிடும் விளக்கு. பன்றியின் கண்ணில் நிறம் பிரிக்கும் செல்கள் இரண்டே வகை. அதனால் சிவப்பு அதற்கு மங்கல்தான். நம் கண்ணுக்குப் பச்சைதான் நன்றாகத் தெரியும், கடைக்காரர்களும் பச்சையைத்தான் அதிகம் தள்ளுவார்கள். ஆனால் பச்சை பன்றிக்கும் தெரியும். இருந்தும் வேலை நடக்கிறது என்றால், ஃபீடர் விளக்கு தினமும் எரிந்து பன்றிக்குப் பழகிவிடுகிறது, அதுதான் காரணம். திடீரென்று அடிக்கும் டார்ச் வெளிச்சத்துக்கு, ஏற்கெனவே ஒருமுறை சுடப்பட்ட கூட்டம் நிற்காது. ஒரே ஃபீடர், ஒரே பரண், 100 கஜத்துக்குள் சுடுவது என்று இருப்பவருக்கு விளக்கு போதும். நடந்து தேடுகிறவருக்குப் போதாது.

அடுத்தது டிஜிட்டல் நைட் விஷன் ஸ்கோப். ஐந்நூறு டாலர் வாக்கில் நல்லது கிடைக்கும். சைட்மார்க் ரெய்த், ஏடிஎன் எக்ஸ்-சைட் எல்லாம் இந்த ரகம். உள்ளே இருப்பது ஒரு கேமரா, கூடவே கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் டார்ச். பகலிலும் இதே ஸ்கோப்பால் சுடலாம் என்பது பெரிய வசதி. டார்ச் ஒளியின் அலைநீளம் 850 நானோமீட்டர் என்றால் தூரம் எட்டும், ஆனால் முகப்பில் மெல்லிய சிவப்பு தெரியும். 940 என்றால் ஒன்றுமே தெரியாது, எட்டும் தூரம் குறையும். இதன் பலம், உருவம் உருவமாகவே தெரிவது: காது, மூக்கு, கம்பி வேலி, பின்னால் இருக்கும் மரம். பலவீனம், எங்கே பார்க்க வேண்டும் என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். முன்னால் உயரமான புல் நின்றால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, படம் வெளுத்துவிடும். பனிமூட்டத்திலும் அப்படித்தான்.

தெர்மல் அதற்கு நேர்மாறு. உடம்புச் சூட்டைப் படமாக்குவதால் நானூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் பன்றியும் வெள்ளைப் புள்ளியாகக் கண்ணில் பட்டுவிடும். வெளிச்சம் எதுவும் தேவையில்லை. ஆனால் கண்ணில் படுவது வேறு, இன்னது என்று தெரிவது வேறு. அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் தூரம் முதலாவதுக்கு மட்டும். இரண்டாவதைத் தீர்மானிப்பது சென்சாரும் லென்ஸும். சென்சாரின் குறுக்கே 256 பிக்சல் இருக்கும் ரகத்தில், இருநூறு கஜத்தில் இருப்பது பன்றியா கன்றுக்குட்டியா என்று அடித்துச் சொல்வது சிரமம். 384 பரவாயில்லை, 640 நன்றாக இருக்கும். 384 ரக ஸ்கோப் ஏறத்தாழ 2,000 டாலர் ஆகும், 640 என்றால் இன்னும் மேலே போகும்.

விளம்பரங்களில் வராத விஷயம் ஒன்றும் உண்டு. தெர்மலில் கம்பி வேலி பெரும்பாலும் தெரியாது, மெல்லிய கிளையும் தெரியாது. முன்னே பின்னே என்ற ஆழம் தட்டையாகிவிடும். பன்றிக்குப் பின்னால் மண்மேடா, வெறும் வானமா, அடுத்தவர் வீடா என்பது தெரியாமல் போகலாம். பகல் வெயிலை வாங்கி வைத்த பாறையும் தண்ணீர்த் தொட்டியும் இரவில் வெகுநேரம் ஒளிரும். படுத்துக் கிடக்கும் மாடு பன்றி மாதிரியே இருக்கும். காரின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, சூடு கண்ணாடியைத் தாண்டி வராது. அதனால்தான் எந்தக் கருவியானாலும், சூரியன் மறையும் முன் நிலத்துக்குப் போய் நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்து, எந்தெந்தத் திசையில் சுடவே கூடாது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். இதைத் தவிர்க்கிற ஆளோடு இரவில் வெளியே போகாதீர்கள்.

நான்காவது, படைவீரர்கள் தலைக்கவசத்தில் மாட்டுவது போன்ற மூன்றாம் தலைமுறைக் குழாய் நைட் விஷன். இருட்டில் நடக்க அருமையானது. மூவாயிரம் டாலருக்கு மேல் ஆகும், தொடக்கக்காரருக்குத் தேவையே இல்லை. அதோடு, அது அமெரிக்க ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருவது. விற்பவர்கள் குடிமகனா, கிரீன் கார்டா என்று கேட்டு எழுதி வாங்குவார்கள். நைட் விஷனோ தெர்மலோ, ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டலாம் என்ற யோசனையே வேண்டாம்.

இவற்றில் என் தேர்வு ஒற்றைக் கருவியல்ல, ஒரு ஜோடி. கையில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தெர்மல் மோனோகுலர் ஒன்று, துப்பாக்கியில் டிஜிட்டல் ஸ்கோப் ஒன்று. தேடுவதைத் தெர்மல் செய்யும், இன்னது என்று காட்டுவதை டிஜிட்டல் செய்யும். இரண்டும் சேர்ந்தாலும் பெரும்பாலும் ஒரு நடுத்தரத் தெர்மல் ஸ்கோப்பின் விலையைத் தாண்டாது. விலையைவிட முக்கியமான காரணம் வேறு. மோனோகுலர் இல்லாமல் தெர்மல் ஸ்கோப் மட்டும் வைத்திருப்பவர், புல்வெளியில் அசைவது எல்லாவற்றையும் துப்பாக்கியை நீட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கும். அந்த அசைவு பண்ணைக்காரரின் மாடாக இருக்கலாம், நாயாக இருக்கலாம், பண்ணைக்காரராகவே இருக்கலாம். முதலில் மோனோகுலர் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். ஸ்கோப்பைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், மோனோகுலர் கடைசி வரை பயன்படும்.

அடையாளம் கற்றுக்கொள்வதற்கும் அதுதான் துணை. பன்றிக்குக் கழுத்தே இருக்காது, பீப்பாய்க்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். ஒரு நொடி சும்மா நிற்காது, தலை கீழேயே இருக்கும், வால் ஆடிக்கொண்டிருக்கும். மான் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும். சந்தேகம் என்றால் சுடாதீர்கள். பன்றி நாளைக்கும் வரும்.

உட்கார்வதா, நடப்பதா

ஃபீடர் பக்கத்தில் பரணில் உட்கார்வது பாதுகாப்பு. தூரம் தெரியும், சுடும் திசை ஒன்றே, குண்டு கீழ்நோக்கி மண்ணில் போய் இறங்கும். சலிப்பும் அதிகம். பன்றி வராத இரவுகள்தான் பெரும்பாலும். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மானுக்கென்று வருடம் முழுக்கக் கொட்டும் சோளத்தில் பாதி பன்றி வயிற்றுக்குத்தான் போகிறதோ என்று எனக்குத் தோன்றும். தீவனம் போட்டு வளர்த்து, அதையே உட்கார்ந்து சுடுகிறோம்.

நடந்து தேடுவதில் சுவை அதிகம். தெர்மலில் கூட்டத்தைக் கண்டுபிடித்து, காற்று நம் முகத்தில் அடிக்கிற பக்கமாகச் சுற்றி வந்து நெருங்க வேண்டும். பன்றிக்குக் கண் சுமார்தான், மூக்கு அபாரம். காற்று ஒருமுறை திரும்பினால் கூட்டமே கலைந்துவிடும். மேயும்போது ஒன்றோடொன்று சண்டை போட்டுக் கத்திக்கொண்டே இருப்பதால், சத்தம் கொஞ்சம் எழுந்தாலும் கண்டுகொள்ளாது. ஆனால் இரண்டு பேர் நடந்தால் இருவரும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒருவர் முன்னால் போய்விட்டால் அன்றைக்குச் சுடுவதை நிறுத்துவதுதான் விதி. முதல் வருடம் பரண், அப்புறம் அனுபவசாலி ஒருவரோடு நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும், உள்ளூர் கேம் வார்டனுக்கு, அதாவது வேட்டைச் சட்டத்தைக் கண்காணிக்கும் அதிகாரிக்கு, இன்ன இடத்தில் இரவு வேட்டை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது வழக்கம். நள்ளிரவில் வெடிச்சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் கூப்பிட்டால், அவர் தேடி வந்து நிற்கப் போவது உங்கள் முன்தான்.

துப்பாக்கியைப் பற்றி இணையத்தில் முடிவில்லாத சண்டை நடக்கிறது. நான் நீட்டப் போவதில்லை. ஏஆர்-15 ரைஃபிளில் .223 தோட்டா அதிர்வு குறைந்தது, கற்றுக்கொள்ள எளிது, ஆனால் இடம் தப்பினால் பன்றி ஓடிவிடும். .308-க்கு வலு அதிகம், அதிர்வும் அதிகம், குண்டு துளைத்து வெளியேறிப் போகும் தூரமும் அதிகம். 6.5 கிரெண்டல், .300 பிளாக்அவுட் என்ற தோட்டா ரகங்கள் இவற்றுக்கு நடுவில். கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதோடு தொடங்குங்கள். கவனிக்க வேண்டியது குறிவைக்கும் இடம்: பன்றியின் இதயம், மானுக்கு இருப்பதைவிடத் தாழ்வாகவும் முன்னாலும், முன்னங்காலை ஒட்டி இருக்கிறது. வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோளில் தடித்த கவசம் போன்ற தோல் உண்டு. சைலன்சருக்கு இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி முதல் போய்விட்டது, பதிவும் ஒப்புதலும் அப்படியே இருக்கின்றன. சைலன்சர் இருந்தாலும் காதுக்குப் பாதுகாப்பு வேண்டும்.

உதவி செய்யத்தான் போகிறேன் என்றால்

சிலர் இதை விவசாயிக்குச் செய்யும் உதவி என்று நினைத்துத் தொடங்குகிறார்கள். அவர்களுக்குத் துப்பாக்கி சரியான கருவியா என்பதே சந்தேகம். பெண் பன்றி ஒரு வயதுக்குள்ளாகவே குட்டி போடத் தயாராகிவிடும், சினைக்காலம் ஏறத்தாழ 115 நாள். எண்ணிக்கை கூடாமல் நிறுத்தவே ஆண்டுதோறும் மூன்றில் இரண்டு பங்கை அகற்ற வேண்டும் என்பது ஏ அண்ட் எம் வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் சொல்லும் கணக்கு. கூட்டத்தில் இரண்டைச் சுட்டால் மீதி கலைந்து பக்கத்துப் பண்ணைக்குப் போகும், விவரமும் தெரிந்துகொள்ளும். இதனால்தான் மிசௌரி மாநிலத்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை 2016-இல் தன் நிலங்களில் பன்றி வேட்டையையே தடை செய்தது. வேட்டைக்காரர்கள் கலைத்துவிட்டால் பொறி வைக்க முடியவில்லை என்றார்கள். பெரிய வட்டப் பட்டி அமைத்து, கேமராவில் பார்த்து, மொத்தக் கூட்டமும் உள்ளே வந்த பிறகு ஃபோனிலிருந்தே கதவை இறக்கும் பொறிதான் நிலத்துக்காரருக்கு உண்மையில் பயன்படுவது. அவர் அப்படி ஒரு பொறி வைத்திருந்தால், தீவனம் கொண்டுபோய்க் கொட்ட உதவுங்கள். பொறிக்குள் வர மறுக்கும் மிச்சத்தைச் சுட உங்களைக் கூப்பிடுவார். அவருக்கும் நல்லது, உங்களுக்கும் அனுமதி நிலைக்கும்.

கறியைப் பொறுத்தவரை, நூறு பவுண்டுக்குள் இருக்கும் இளம் பெண் பன்றி அருமையாக இருக்கும். மிளகு தூக்கலாகப் போட்டு குக்கரில் வைத்து வறுத்தால் கொழுப்பில்லாத கறி வீணாகாது. பெரிய ஆண் பன்றியில் வாடை அடிக்கும், பலர் விட்டுவிடுவார்கள். அறுக்கும்போது ரப்பர் கையுறை கட்டாயம். புருசெல்லா என்ற கிருமி ரத்தத்தின் வழியாகக் கைக்காயத்தில் ஏறிவிடும். கறியின் உள்சூடு 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். பச்சைக் கறியை நாய்க்குப் போடாதீர்கள், வளர்ந்த பன்றிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத ஒரு வைரஸ் நாயைக் கொன்றுவிடும். உயிரோடு பிடித்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதற்கும் மாநிலத்தில் தனி விதிகள் இருக்கின்றன, அந்தப் பக்கமே போக வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் நள்ளிரவிலும் வெக்கை இறங்காது. சுட்ட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கறி குளிர்ந்தாக வேண்டும் என்பதால், மற்ற எதை மறந்தாலும் ஐஸ் நிரப்பிய பெட்டி இரண்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.